காலர் அக்காவின் அரை மணி

என் ஓரகத்தியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. கீழ்த்தளத்தில் அவர்கள், மாடியில் நாங்கள். போதாக்குறைக்கு அவளுக்கும் எனக்கும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில், ஒரே லைனில் வேலை. அவள் சட்டைக்குக் காலர் வைப்பாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கைமுனைக்குக் கஃப் பட்டி வைப்பேன். வீட்டிலும் அவள் முகம், வேலையிலும் அவள் முதுகு. அதுவும் அப்போது சாமானியப்பட்ட முதுகு இல்லை. அவள் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரம் எனக்கு மறைந்துவிடும்.

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. முதுகுக்குப் பின்னால் மட்டும் இன்னொரு பெயர் உண்டு: நாலு நிமிஷம். மூன்று அடுக்கு டப்பாவை நான்கு நிமிடத்தில் காலி செய்துவிடுவாள். நான் மூடியைத் திறந்து, நேற்றைய குழம்பா இன்றையதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கையைக் கழுவப் போயிருப்பாள். உள்ளே போவதும் தெரியாது, மெல்லுவதும் தெரியாது.

அதைப் பேராசை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இருபத்திரண்டு வருடம் அந்த ஆலையில் வேலை பார்த்தவள் அவள். மதிய இடைவேளை முப்பது நிமிடம். கை கழுவும் வரிசையில் ஆறு நிமிடம் போகும், உட்கார இடம் பிடிப்பதில் மூன்று நிமிடம், கழிப்பறை வாசலில் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. மணி அடிக்கும்போது மெஷின் முன்னால் இல்லையென்றால் பெயர் எழுதிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மெதுவாகச் சாப்பிடுகிறவள் பாதிப் பட்டினிதான். அவள் வேகமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். பசி அடங்கியது தெரிவதற்குள் இன்னொரு மடங்கு உள்ளே போயிருக்கும். உட்கார்ந்தே செய்கிற வேலை வேறு. நாற்பத்தாறு வயதில் எடை நூற்று இருபத்தெட்டு கிலோ.

முழங்கால் இரண்டும் போயிற்று. சர்க்கரை ஏறிற்று. எங்கள் வீட்டுக்கு வருகிற பதினாலு படியில் எட்டாவது படியிலேயே நின்று, "நீயே கீழ வாடி" என்பாள். கடைசியில் டாக்டர், வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிடலாம் என்றார். அக்கா கேட்ட முதல் கேள்வி, "தையல் எத்தனை நாள் தாங்கும்?" என்பது. தொழில் புத்தி.

அறுவை சிகிச்சை ஒழுங்காக முடிந்தது. இரண்டு வாரம் தண்ணீராகக் குடித்தாள், அடுத்த இரண்டு வாரம் மசித்ததைச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு முட்டை, மீன், வேகவைத்த காய் என்று மெதுவாகத் தொடங்கலாம் என்றார்கள். உணவு ஆலோசகர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். சின்னக் கரண்டி. ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லல். விழுங்கிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. ஒரு வேளைக்கு முப்பது நிமிடம்.

முதல் நாள் அவித்த முட்டை. நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், கரண்டியை எடுத்தாள், முட்டை போன இடம் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்கூட ஆகலக்கா."

"அரை மணி குடுத்திருக்காங்க. பாரு, இருபத்தெட்டு நிமிஷம் மிச்சம்!"

அந்தப் பெருமை முகத்தில் இருக்கும்போதே நிறம் மாறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாயில் நுரை நுரையாக எச்சில். நான் வாளியைத் தேடி ஓட, என் மூத்தார், அதாவது அவள் கணவர், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் விசிறியைத் தூக்கிக்கொண்டு நின்றார். முட்டை வந்த வழியே திரும்பியது.

மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் உணவு ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா நியாயம் கேட்கிற மாதிரி கேட்டாள்: "நீங்க குடுத்த நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிடறேன். அப்புறம் ஏன் வாந்தி வருது?"

அந்தப் பெண் தாளை வாங்கி, தான் எழுதியதைத் திரும்பப் படித்தார். பிறகு நெற்றியில் கை வைத்தார். "அரை மணிக்குள்ள முடிக்கச் சொல்லலம்மா. அரை மணி நேரம் சாப்பிடச் சொன்னேன்."

எங்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் புரிந்திருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வேலைக்கு நேரம் குறித்தால் அது மூடப்போகிற வாசல் மாதிரி, அதற்குள் ஓடிவிட வேண்டும். முன்னாலேயே முடித்தால் கெட்டிக்காரி. ஒரு வேலையை அவ்வளவு நேரம் கண்டிப்பாகச் செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. கத்தி வைத்தது டாக்டர், அது ஒன்றரை மணி நேர வேலை. சாப்பிடக் கற்றுக்கொண்டது அவள். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா யார்தான் இளைக்க மாட்டாங்க" என்று எங்கள் தெருவில் ஒருத்தி சொன்னாள். அவளைக் கூட்டிவந்து அக்காவுக்கு எதிரில் உட்காரவைத்து, ஒரு முட்டையை அரை மணி நேரம் தின்னச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளுக்கு வாயில் எண்ண வரவில்லை. பன்னிரண்டாவது மெல்லலில் தொண்டை தானாக விழுங்கிவிடும். விழுங்கிவிட்டு, "ஐயோ, ஓடிடுச்சு" என்பாள், கோழி கூட்டிலிருந்து தப்பித்த மாதிரி. கரண்டியைக் கீழே வைப்பது அதைவிடக் கஷ்டம். கை வைக்கும், விரல் விடாது. கடைசியில் வலது கையில் கரண்டி பிடிப்பதையே விட்டாள். இடது கைக்கு மாறினாள். பழகாத கை என்பதால் கரண்டி வாய்க்கு வந்து சேரவே நேரம் பிடித்தது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது.

வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு அவளுக்கு ஒரு அடையாளம் வந்தது: மூக்கு ஒழுகும். சிலருக்கு விக்கல் வருமாம், சிலருக்குத் தும்மல், இவளுக்கு மூக்கு. மூக்கு ஒழுகினால் ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது. என் மூத்தாருக்கு இது தெரியாது. தன் தட்டைப் பார்த்துத்தான் மனைவி மூக்கைச் சிந்தி அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, மனிதர் தினமும் தட்டை மூடி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து எங்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒரு வாரம் கழித்து அக்காவுக்கு விஷயம் தெரிந்தது.

"எனக்குப் பயந்து அங்க போய்த் திங்கறாரா? கீழ வரச் சொல்லு" என்று கத்தினாள். அவர் வந்தார். "நான் அழலங்க. எனக்கு வயிறு நிறைஞ்சா மூக்கு ஒழுகுது. நீங்க இங்கயே உட்காருங்க. நீங்க பேசினாத்தான் எனக்கு அரை மணி ஓடும்" என்றாள்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றிலிருந்து அந்த அரை மணிக்கென்று நாள் முழுக்க எதையாவது சேகரித்துக்கொண்டு வருவார். பேருந்தில் இரண்டு பேர் சண்டை போட்டது, பக்கத்துக் கடைக்காரர் பல் கட்டியது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். இருபத்தாறு கிலோ இறங்கியிருந்தது. எனக்குக் கடிகாரம் தெரிந்தது.

முதல் நாள் மதியம் மணி அடித்ததும் பழைய இடம், பழைய கூட்டம், இருநூறு பேர் தட்டும் டப்பாச் சத்தம். பாதி மீன் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்திருக்கத் தொடங்கினார்கள். அக்காவும் மிச்சத்தை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டாள். அடுத்த நிமிடம் கை கழுவும் தொட்டியில் குனிந்து நின்றாள். பின்னால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மெல்ல வந்து, "என்னக்கா, விசேஷமா?" என்றாள்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமா. மீன்குட்டி" என்றாள்.

ஆலை சிரித்தது, ஆனால் பிரச்சினை சிரிப்பில் தீரவில்லை. பாதி சாப்பாட்டோடு எழுந்தால் மூன்று மணிக்குத் தலை சுற்றியது, கை தளர்ந்தது. மணிக்கு நாற்பது காலர் வைக்கிறவள் முப்பத்திரண்டுக்கு வந்தாள். முழுவதும் சாப்பிட்டுவிட்டு வந்தால் பத்து நிமிடம் தாமதம். அவள் மெஷின் முன்னால் காலர் இல்லாத சட்டைகள் குவிந்து நின்றன. ஒரே வாரத்தில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் காலர் மெஷின் போய்விடும், நூல் வெட்டும் மேசைக்கு மாற்றுவோம் என்றார் சூப்பர்வைசர். நூல் வெட்டுவது புதிதாகச் சேருகிறவர்களின் வேலை. சட்டையில் காலர்தான் முகம், அதைக் கோணாமல் வைக்கிற கை லைனுக்கு ஒன்றுதான் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் சம்பாதித்தது அந்த நாற்காலி.

"சாப்பாட்டையும் விட மாட்டேன், மெஷினையும் விட மாட்டேன். ஒரு கை பார்த்துடறேன்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "நாளைக்குப் பாரு" என்றாள்.

மறுநாள் அவள் செய்த காரியத்தை ஆலையில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. எங்களிடம் ஒரு ஸ்டாப்வாட்ச்காரர் இருக்கிறார். கையில் அட்டை, கழுத்தில் கடிகாரம். பின்னால் வந்து நின்று, துணியை எடுக்க எத்தனை வினாடி, மடிக்க எத்தனை, தைக்க எத்தனை என்று பிரித்துப் பிரித்து எழுதுவார். அவர் எழுதுகிற எண்தான் மறுவாரம் எங்கள் தலையில் டார்கெட்டாக இறங்கும். அவர் வந்தாலே நாங்கள் தண்ணீர் குடிக்கப் போவது போல நழுவுவோம். அக்கா நேராக அவர் மேசைக்குப் போனாள்.

"சார், ஒரு வேலைக்கு டைம் எடுக்கணும். வர்றீங்களா?"

அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "எந்த வேலைம்மா?"

"நான் சாப்பிடற வேலை."

கிண்டல் என்று நினைத்து அவர் முகம் சிவந்தது. அக்கா விடவில்லை. "நாப்பது காலருக்கு மேல முடியாதுன்னு நான் அழுதா நீங்க நம்பறதில்ல, கடிகாரத்தத்தான் நம்பறீங்க. அரை மணி பத்தாதுன்னு நான் சொன்னா சூப்பர்வைசர் நம்பல. கடிகாரம் சொல்லட்டும்."

தாமதத்துக்குப் பெயர் எழுத வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, மூன்று நாள் அவர் வந்தார். எதிரில் உட்கார்ந்து, நூல் இழுப்பதை எழுதுகிற அதே படிவத்தில் எழுதினார். கரண்டி எடுக்க மூன்று வினாடி. மெல்ல முப்பத்திரண்டு. விழுங்க ஐந்து. கரண்டியை வைத்துக் காத்திருக்க முப்பத்தைந்து. ஒரு வாய்க்கு எழுபத்தைந்து வினாடி, இருபத்துநான்கு வாய், மொத்தம் முப்பது நிமிடம். வரிசைக்கும் நடைக்கும் தனியாக, ஊசி உடைந்தால் தருகிற மாதிரி ஒரு சலுகை நேரமும் சேர்த்து, நாற்பத்தைந்து நிமிடம் என்று கோடு போட்டார். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்: "இந்த வேலையை இதைவிட வேகமாகச் செய்ய இயலாது. செய்தால் பொருள் திரும்பி வரும்."

மூன்று நாளும் ஒரு தடவைகூட அவர் சிரிக்கவில்லை. அவரை நான் திட்டியதில் பாதியை அன்றே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மேலாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கதை சொன்னால் காது கொடுக்காதவர், படிவம் என்றால் மறுக்க முடியாது. ஆனால் சும்மாவும் தரவில்லை. ஒரு வாரம் கால் மணி கூடுதலாகத் தருகிறேன், ஆனால் வாரத்துக்கு ஆயிரத்து அறுநூறு காலர் குறையக் கூடாது, செக்கிங்கில் கோணல் என்று திரும்புவது கணக்கில் வராது, குறைந்தால் நூல் வெட்டும் மேசை என்றார். கால் மணி என்பது பத்து காலர். அதை மிச்ச நேரத்தில் ஈடுகட்ட வேண்டும்.

திங்கட்கிழமை முந்நூற்றுப் பன்னிரண்டு. செவ்வாய் முந்நூற்றுப் பதினைந்து. புதன் முந்நூற்றுப் பதினெட்டு. வியாழன் முந்நூற்று இருபத்தொன்று. ஏறிக்கொண்டுதான் வந்தது, ஆனால் திங்கட்கிழமை விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை முந்நூற்று முப்பத்துநான்கு வேண்டும். நல்ல உடம்போடு இருந்த காலத்தில்கூட அவள் ஒரு நாளில் முந்நூற்று முப்பதைத் தாண்டியதில்லை.

வெள்ளி மதியம் மணி அடித்தபோது நூற்று அறுபத்தெட்டு. இன்னும் நூற்று அறுபத்தாறு. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அரை மணியோடு எழுந்துவிட்டால் பத்து காலர் கையில் வரும். அவ்வளவுதான் வித்தியாசம். உணவுக்கூடத்தில் அவள் பக்கத்தில் குனிந்து சொன்னேன்: "அக்கா, இன்னைக்கு ஒரு நாள்தானே. பாதி சாப்பிட்டுட்டு எழுந்துடு. வீட்டுக்குப் போய் நிதானமா சாப்பிட்டுக்கலாம்."

அவள் இடது கையில் கரண்டியை எடுத்தாள். மெல்லத் தொடங்கினாள்.

மணி அடித்தது. இருநூறு பேரும் எழுந்து போனோம். வாசலில் நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடத்தில், துடைத்த ஈரம் காய்ந்துகொண்டிருந்த மேசைகளுக்கு நடுவில், அவள் ஒருத்தி மட்டும். கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அடுத்த வாய்க்காகக் காத்திருந்தாள். அவசரம் அவளை நாலு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிடிவாதம் பிடித்தவள், மெஷினைத் தொலைக்கப் போகிறாள் என்று திட்டிக்கொண்டே நடந்தேன்.

நாற்பத்தைந்தாவது நிமிடம் வந்து உட்கார்ந்தாள். கையைத் துடைத்தாள். பிறகு நான் பார்த்தது இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய மிகச் சிறந்த வேலை. மூன்று மணி வந்தது, கை தளரவில்லை. நான்கு மணி, தளரவில்லை. எடுப்பதும் மடிப்பதும் திருப்புவதும் ஒரே ஓட்டம், ஒரு இடத்தில் பதற்றம் இல்லை. பின்னால் நான்தான் மூச்சு வாங்கினேன். அவள் தள்ளிவிட்ட சட்டைகள் என் முன்னால் மலையாகக் குவிந்தன. பாதி வயிற்றோடு எழுந்து வந்திருந்தால், கையில் கிடைத்த பத்துக் காலரை மூன்று மணிக்குமேல் இரட்டிப்பாகத் தொலைத்திருப்பாள். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி மணி அடித்தபோது முந்நூற்று முப்பத்தாறு. செக்கிங்கில் ஒன்று திரும்பியது. முந்நூற்று முப்பத்தைந்து. தேவைக்கு ஒன்று அதிகம்.

ஸ்டாப்வாட்ச்காரர் தன் மேசையிலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். இனி தினமும் நாற்பத்தைந்து நிமிடம் என்று மேலாளர் கையெழுத்துப் போட்ட தாளைச் சூப்பர்வைசர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது நான் அவளுக்கு ஓரடி பின்னாலேயே வந்தேன். அவளைக் கவிழ்க்கப் பார்த்தது சூப்பர்வைசர் இல்லை, மேலாளர் இல்லை, நான். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன் என்பது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

தெருமுனை வந்ததும் நான் நின்றேன். "அக்கா, மத்தியானம் நான் அப்படிச் சொன்னது தப்பு. மனசுல வச்சுக்காத."

அவளும் நின்றாள். "நீ சொன்னதுல என்னடி தப்பு. அதையேதான் நான் காலையிலேருந்து எனக்குள்ள சொல்லிட்டிருந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் சொன்னேன். எழுந்துடு, எழுந்துடு, ஒரு நாள்தானேன்னு."

"அப்புறம் எப்படிக்கா உட்கார்ந்திருந்த?"

"கரண்டியைக் கீழ வச்சேன்" என்றாள். "இருபத்துநாலு தடவையும்."